117–111 போட்ட புண்ணியவான்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக் கூடத்தில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். இந்த ஊரில் அதுதான் கடைசி எச்சரிக்கை. அடுத்த தடவை விசாரிக்க மாட்டார்கள், நேராகப் போலீஸுக்குப் போன் போடுவார்கள். ஒன்றுமில்லை, குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். யார் ஜெயித்தது என்று கேட்டார். அதற்குத்தானே ஐயா இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. இருபத்தைந்து வருடமாகியும் எனக்கு இங்கிலீஷில் கோபப்பட வரவில்லை. இலக்கணம் பார்த்து வாக்கியத்தை அடுக்குவதற்குள் கோபம் ஆறிப்போகிறது. "சாம்பியன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து, மறுபடி தமிழில் கத்தினேன்.

சண்டை நடந்தது அமெரிக்காவில், அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி. எங்கள் மெல்பர்னில் அது ஞாயிறு மதியம், நான் பிறந்த ஏற்காட்டில் ஞாயிறு காலை டிபன் நேரம். லைட்வெயிட் உலகப் பட்டம். சாம்பியன் உள்ளூர்க்காரர், பளபளப்பான பல்வரிசையும் நாலைந்து விளம்பரமும் உள்ளவர். எதிர்த்து வந்தவர் மேற்கு ஆப்பிரிக்காக்காரர். மீன் சந்தையில் கூடை தூக்கி வளர்ந்தவர் என்று சண்டைக்கு முன்னால் ஓட்டிய படத்தில் காட்டினார்கள். அதைப் பார்த்த கையோடு ஊரிலிருந்து என் சிநேகிதன் வெள்ளையனின் குரல் செய்தி வந்துவிட்டது. "டேய் ஜாகிரு, கூடை தூக்குனவன்டா. இவன் நம்மாளு."

வெள்ளையன் மஞ்சக்குட்டைக்காரன். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவன். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். கொஞ்சம் காப்பியும் மிளகும் சொந்தமாக இருக்கிறது. அவன் ஊரில் போனில் படம் ஓடாது என்பதால், பெரிய சண்டை வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுக் கடைவீதியில் என் அண்ணன் நடத்துகிற மளிகைக் கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திவிட்டு, உள்ளே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கடை டிவியில் பார்ப்பான். அண்ணனுக்குக் குத்துச்சண்டை என்றாலே ஆகாது. "மனுசன மனுசன் அடிக்கறதுல என்னடா பார்வ உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. டிவியில் சத்தத்தை முழுசாக அணைத்துவிட வேண்டும். வர்ணனை செய்கிறவன் சாம்பியன் மூச்சு விட்டால்கூட ஆகா என்பான், அதைக் கேட்டுக்கொண்டே மார்க் போட்டால் மார்க் கோணலாகிவிடும். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அவனவன் தாளில் ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு ரவுண்டு முடிகிறவரை ஒருவருக்கொருவர் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் இரண்டு பேரும் தாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நடுவர்கள் தீர்ப்பு வருவதற்கு முன்னால் எங்கள் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதுதான் பந்தயமே.

2

முதல் நாலு ரவுண்டு சாம்பியன் பக்கம்தான் சாய்ந்தது. மறைக்கவில்லை, அதில் மூன்றை அவருக்கே எழுதினேன். ஐந்தாவதிலிருந்து நம்மாள் விலாவில் வேலையை ஆரம்பித்தார். முகத்தைத் தொடவே இல்லை. இடது கையால் விலா, விலா, மறுபடி விலா. ஏழாவது ரவுண்டில் சாம்பியனின் முழங்கை தானாக இறங்கி விலாவை மூடிக்கொண்டது. மூடின கை எப்படி அடிக்கும்? ஒன்பதிலும் பத்திலும் அவர் செய்ததெல்லாம் கட்டிப்பிடிப்பதுதான். கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கட்டிக்கொள்வதுபோல அப்படி ஒரு கட்டு. பதினொன்றில் நம்மாள் வலது கையை முதல் தடவையாக மேலே விட்டார். சாம்பியனின் இடது கண்ணுக்கு மேலே பிளந்துகொண்டது. பன்னிரண்டாவதில் அந்தப் பட்டத்துக்காரர் ரிங்கைச் சுற்றி ஓடிய ஓட்டத்தை என் மகள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

என் தாளில் 116–112, நம்மாளுக்கு. வெள்ளையன் தாளில் 117–111, அதுவும் நம்மாளுக்கு. அவன் எப்போதும் ஒரு ரவுண்டு கூடப் போடுகிறவன்தான். அப்புறம் தீர்ப்பைப் படித்தார்கள். ஒரு நடுவர் 115–113, சவால் விட்டவருக்கு. இரண்டாமவர் 115–113, சாம்பியனுக்கு. மூன்றாவது புண்ணியவான் 117–111. யாருக்கு? சாம்பியனுக்கு! பன்னிரண்டில் ஒன்பது ரவுண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவனுக்கு. நம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முதுகில் துண்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எங்கள் மலைக்காரர்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு ஒரு போன் குழு இருக்கிறது. அதில் நான் எழுதினேன்: "117–111 போட்ட அந்தக் கைக்குச் சோறு எப்படி அள்ளி வாயில் வைக்க வருகிறது? அவன் பெண்டாட்டி பிள்ளை முகத்தில் எப்படி முழிக்கிறான்? பென்சில் பிடித்த திருடனைப்போல ஈனப் பிறவி கிடையாது." இன்னும் மூன்று செய்தி எழுதினேன், அதை இங்கே அச்சில் போட முடியாது. வெள்ளையன் ஒவ்வொன்றுக்கும் கை கூப்பினான்.

என் மகள் நிலோஃபர் சோபாவில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. தமிழ் புரியும், பதில் பாதி வரும். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து ரவுண்டுக்கு மார்க் போட்டவள்தான், இப்போது என்னைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது அவளுக்கு. "அத்தா, அந்த ஜட்ஜை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"அப்புறம் ஏன் இவ்ளோ பர்சனலா எடுக்குறீங்க? அவருக்கு என்ன பிரெஷரோ."

பிரெஷராம். போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். தோளைக் குலுக்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வீட்டில் அந்தக் கதவு சாத்துகிற சத்தம்தான் எனக்கு வருகிற பதில்.

நான் மகளிடம் பொய் சொன்னேன். அந்த நடுவரை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் களத்தில், அதே மாதிரி ஒரு மார்க் சீட்டை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். தோற்றவன் வெள்ளையன்.

3

நானும் வெள்ளையனும் குத்துச்சண்டை பழகியது மலையில் இருந்த ஒரு போர்டிங் பள்ளியின் பி.டி. மாஸ்டரிடம். நாங்கள் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை, அதற்கெல்லாம் எங்களுக்குக் கொடுப்பினை ஏது? பள்ளிக்கு மளிகை போட்டது எங்கள் கடை. சாமான் இறக்கப் போகிற சாக்கில் நானும், விறகு இறக்கப் போகிற சாக்கில் வெள்ளையனும் ரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, மாஸ்டர் கிழிந்த கிளவுஸ் இரண்டு ஜோடி கொடுத்துச் சாயங்காலத்தில் வரச் சொன்னார். எனக்கு வந்தது சுமார்தான். ஒரு வருடத்தில் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து மார்க் போடப் பழகினேன். வெள்ளையனுக்கு அது ரத்தத்திலேயே இருந்தது. மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள். மூன்று ரவுண்டு முடிந்தாலும் அவனுக்கு மூச்சு வாங்காது.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் அரைக்கிற பல்ப்பர் ஷெட்டில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தேன். ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போடுகிற எண்ணம் அப்போதே புகுந்துவிட்டது. இங்கே உள்ளவர்கள் கேட்டது ஒரு அனுபவக் கடிதம். முதலாளியின் லெட்டர்ஹெட்டில், முத்திரை வைத்து, என்னென்ன வேலை செய்தான், எத்தனை வருடம் செய்தான் என்று எழுதியிருக்க வேண்டும். நான் வேலை பார்த்தது மூன்று வருடம். ஐந்து வருடம் என்று எழுதித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்திலிருந்து கேட்டார்கள்: மாநிலப் போட்டிக்கு வெள்ளையனின் எடைப் பிரிவில் மலையிலிருந்து ஒரு பெயர் வேண்டும். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வெள்ளையன். மற்றவன் என் முதலாளியின் அக்கா மகன், அந்த போர்டிங் பள்ளியில் படித்தவன். மாநிலத்தில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் வெள்ளையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைக்கும். அவன் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது கிடையாது. அக்கா மகனுக்கு அது காலேஜ் விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு பேரையும் மோதவிட்டுப் பார்ப்பது என்று மாஸ்டர் முடிவு செய்தார். முதலாளி தன் களத்தைக் கொடுத்தார்.

காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்ட் களம் அது. நாலு மூலையில் சவுக்குக் கம்பு நட்டு, சாக்கு சுற்றிய கயிறு கட்டினோம். நடுவர் மூன்று பேர். பி.டி. மாஸ்டர் ஒருவர். எஸ்டேட் கணக்கும் ஆட்களின் வருகைப் பதிவான செக்ரோலும் எழுதுகிற ரைட்டர் தங்கவேலு ஒருவர், மாஸ்டருடன் சேர்ந்து பல வருடம் பள்ளிப் போட்டிகளுக்கு மார்க் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. மூன்றாவது நான். சண்டைக்கு முந்தின நாள் ஷெட்டுக்கு முதலாளி வந்தார்.

"உன் லெட்டர் டைப் அடிச்சாச்சு ஜாகிர். என் கையெழுத்துதான் பாக்கி. திங்கக்கிழம ஆபீசுக்கு வா. நாளைக்கு நீயும் ஜட்ஜாமே?"

"ஆமாங்க."

"நல்லாப் பாரு," என்றார். போய்விட்டார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது, லஞ்சம் எங்கே இருக்கிறது என்று எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் காட்ட முடியாது. அந்த மனிதர் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. கேட்காததைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.

முதல் ரவுண்டு வெள்ளையன். கண் இருக்கிற யாரும் அதை மறுக்க முடியாது. இரண்டாவதும் அவன்தான், கொஞ்சம் நெருக்கம். மூன்றாவதில் அக்கா மகனைக் கயிற்றோடு கயிறாக நசுக்கினான். நான் முதல் ரவுண்டை வெள்ளையனுக்குப் போட்டேன். இரண்டாவதை மற்றவனுக்குப் போட்டேன். மூன்றாவதுக்குப் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. திங்கட்கிழமை ஞாபகம்தான் இருந்தது.

கடைக்காரன் மகன், கூட்டல் வரும் என்று மூன்று சீட்டையும் என்னிடமே கொடுத்தார்கள். மாஸ்டர் சீட்டு அக்கா மகனுக்கு, தன் பள்ளிப் பிள்ளை. என்னுடையதும் அவனுக்கு. ரைட்டர் தங்கவேலுவின் சீட்டைப் பிரித்தேன். செக்ரோல் எழுதுகிற அதே அழகான நீல மசிக் கையெழுத்து. மூன்று ரவுண்டும் வெள்ளையனுக்கு. முதலாளியிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறவர், அவருடைய களத்தில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய அக்கா மகனுக்கு ஒரு ரவுண்டுகூடக் கொடுக்கவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று மட்டும் மாஸ்டர் அறிவித்தார். யார் யாருக்குப் போட்டார்கள் என்று சொல்கிற வழக்கம் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெள்ளையன் கிளவுஸைக் கழற்றாமலே என்னிடம் வந்து தோளில் கை வைத்தான். மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. "உடுறா. மாஸ்டரு பள்ளிக்கோடத்துக்காரரு, ரைட்டரு மொதலாளி ஊட்டு நாயி. நீ ஒருத்தன் எனக்குப் போட்டயே, அது போதும்டா" என்றான்.

நான் போடவில்லை என்று சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் இருந்தது.

4

அந்த அக்கா மகன் மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. அந்த வாரம் குடும்பத்தோடு எங்கேயோ டூர் போய்விட்டான்.

கடிதம் வந்தது. அதைக் காட்டித்தான் எனக்கு இங்கே கதவு திறந்தது. பிறகு நான் நிரப்பாத படிவம் கிடையாது. குடியுரிமைக்கு மனுப் போட்டபோது ஒரு கட்டத்தில் நான் நன்னடத்தை உள்ளவன் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பேனாவால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இங்கே கையெழுத்து என்றாள். அவள் கேட்டது ஜெயிலுக்குப் போனாயா, வழக்கு இருக்கிறதா என்பதுதான். இல்லை என்று எழுதினேன். அது உண்மைதான். இந்த அரசாங்கத்தின் படிவங்களில் என்னைப் பிடிக்கிற மாதிரி கேள்வியே கிடையாது, அவ்வளவு நல்ல அரசாங்கம்!

வாரத்தில் ஐந்து நாள் ஒரு உணவுத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போவோம். மகள் தன் சிநேகிதிகளோடு பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதி பிடிபடாது, நான் அண்ணனோடு பேசுகிற தமிழ் அவளுக்குப் பாதி பிடிபடாது. எதற்காக அந்தச் சீட்டை எழுதினேனோ அந்த வாழ்க்கை இதுதான். ஊரில் இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, உனக்கென்னப்பா என்கிறார்கள். வேலிக்கு மேல் தலை நீட்டி விசாரிக்க ஒரு கிழவர் இருக்கிறார், வேறென்ன வேண்டும்.

மலையில் நடந்ததைச் சொல்கிறேன். சீட்டுகள் எஸ்டேட் ஆபீசுக்குப் போயின. நீல மசிக் கையெழுத்தை முதலாளிக்குத் தெரியாதா? ஒரே மாதத்தில் ரைட்டர் தங்கவேலுவை ஆபீசிலிருந்து தூக்கி வெள்ளக்கடைப் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. மார்க் போட்டவன் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளையன் ஜீப் வாங்கினான். மலையில் ரோட்டோரம் நின்று யார் கை காட்டினாலும் ஜீப் நிற்கும். உட்கார இடம் இல்லாவிட்டால் பின்னால் தொற்றிக்கொள்ளலாம். காசு இல்லாவிட்டால் நாளைக்குக் கொடுக்கலாம். தெரிந்தவன் தெரியாதவன் கணக்கே கிடையாது, ஏனென்றால் அடுத்த வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையன் ஒரே ஒருவருக்கு மட்டும் நிறுத்த மாட்டான். அதை அவன் என்னிடம் பெருமையாகச் சொல்வான்.

"இன்னிக்கும் அந்த ரைட்டரு கை காட்டுனாருடா. முட்டி வலி போலருக்குது, குச்சி ஊனிக்கிட்டு நிக்கறாரு. மழை வேற. ஜீப்புல ஏறி இருந்தவிய எல்லாம் 'ஏனுங்க, பாவமுங்க, நிறுத்துங்க'ங்கறாங்க. நான் ஒரே மிதி, வந்துட்டேன்."

இப்படி ஒரு தடவை இல்லை, வருடத்துக்கு நாலைந்து தடவை சொல்வான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: ஒரு தடவை "நல்லா வேணும்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

போன மழைக் காலத்தில் ரைட்டர் தங்கவேலு இறந்துவிட்டார். அண்ணன் சொன்னார், ஊரே திரண்டு போனதாம். வெள்ளையன் போகவில்லை.

5

சண்டை முடிந்த மூன்றாம் நாள், நான் தொழிற்சாலை கேண்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது வெள்ளையன் கூப்பிட்டான். காலைச் சவாரி முடித்துவிட்டு அண்ணன் கடை வாசலில் நிற்கிறான், பின்னால் யாரோ பெரிய வெங்காயம் கேட்கிற சத்தம்.

"நம்மாளு அப்பீல் பண்ணப் போறானாம்டா, பாத்தயா?" என்றான். "அந்த 117–111 போட்டவன் மூஞ்சியப் போட்டிருக்கறாங்க. என்ன மூஞ்சிடா அது. ஆனா ஒண்ணு, அந்த மூணு பேருல ஒருத்தரு நம்மாளுக்குப் போட்டாரு பாரு, அவரு இருக்கறதாலதான் நம்மாளு இன்னும் கையத் தூக்கி நிக்கறான். ஊரே திருடன்னா மனுசன் என்ன பண்ணுவான்? ஒருத்தன் இருந்தா போதும்டா. எனக்கு நீ இருந்த மாதிரி."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் "ஆமாடா" என்பேன். இந்தத் தடவை சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"டிசம்பர்ல வர்றயில்ல?" என்றான். "மலையில பசங்களுக்கு ஒரு போட்டி வெக்கறோம்டா. கரடியூர்ல இருந்து, வெள்ளக்கடையில இருந்தெல்லாம் பேரு குடுத்திருக்கறாங்க. பொம்பளப் புள்ளைங்களும் நாலு பேரு. நீ வந்து ஜட்ஜா உக்காரோணும். நோட்டீசுல உன் பேரப் போட்டாச்சு. எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன், கை வெலைக்குப் போகாத ஆளு, ஆஸ்திரேலியாவுல இருந்து வர்றான்னு."

"என் பேரை எடுத்துருடா."

"ஏன்? லீவு குடுக்க மாட்டாங்களா?"

"லீவு இல்ல. நான் உக்காரக் கூடாது. வெள்ளையா, அன்னிக்கு நான் உனக்குப் போடலடா."

"என்னிக்கு?"

"களத்துல. முதல் ரவுண்டு மட்டும் உனக்குப் போட்டேன். ரெண்டும் மூணும் அவனுக்குப் போட்டேன். முதலாளி லெட்டர்ல கையெழுத்துப் போடணும்னு இருந்தது. அதுக்காகப் போட்டேன்."

பல வருடமாகத் தொண்டையில் வைத்திருந்தது, சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் இதைச் சொன்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்து வைத்திருந்தேன். கெட்ட வார்த்தையில் திட்டுவான். அழுவான். என்றைக்கோ நடந்தது விடுடா என்பான், இப்படிக்கூட ஒரு நப்பாசை இருந்தது. அவன் எதுவும் செய்யவில்லை. கணக்கு சரிபார்க்கிறவன் குரலில் கேட்டான்.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னுதானே சொன்னாங்க."

"ஆமா."

"மாஸ்டரு அவனுக்கு. நீயும் அவனுக்கு."

"ஆமாடா."

"அப்ப எனக்குப் போட்டது யாரு?"

அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் போனால் மிச்சம் யார் என்று தெரியாதவனா அவன்? என் வாயால் வர வேண்டும் என்று நின்றான். ரைட்டர் என்றேன்.

"எத்தன ரவுண்டு?"

"மூணும்."

"மூணுமா?"

"மூணும் உனக்குத்தாண்டா. சீட்டை நான்தான் கூட்டினேன். அதுக்காகத்தான் அவரை ஆபீசை விட்டுத் தூக்கினாங்க."

அண்ணன் கடைக்குள்ளிருந்து "வெள்ளையா, டீ ஆறுது பாரு" என்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. போனில் வெள்ளையனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து அவனைத் தெரியும், அவனுக்கு மூச்சு வாங்கி நான் கேட்டதில்லை. மன்னித்துவிடு என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு கேதத்தன்னிக்கு," என்றான், "அவரு மவன் வந்து நின்னான்டா. சொந்தக்காரங்க சேலத்துல இருந்து வந்து எறங்கியிருக்கறாங்க, ஒரு நடை கொண்டாந்து உடுங்கன்னு கேட்டான். வண்டி ரிப்பேருன்னுட்டேன். அவன் கண்ணு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு வந்தேன்."

இதை அவன் எனக்கு அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கும் சிரித்திருப்பேனோ என்னவோ.

"ஏண்டா ஜாகிரு," என்றான். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். "அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா உன்னைய மட்டும் வெறுத்துட்டுப் போயிருப்பேன். இப்பச் சொல்லி என்னையவும் வெறுக்க வெச்சுட்டயேடா."

அவன் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.